எதிரே அமர்ந்து கேட்டவர் யார்?

தென்னாப்பிரிக்காவில் நிறவெறி ஆட்சியின் கடைசி அதிபர் எஃப். டபிள்யூ. டி கிளெர்க் 2021 நவம்பர் 11 அன்று கேப் டவுனில் தம் 85ஆம் வயதில் காலமானார். அவர் முன்னரே பேசிப் பதிவு செய்து வைத்திருந்த காணொளி ஒன்றை அவருடைய அறக்கட்டளை அன்றைக்கே வெளியிட்டது. சில நிமிடங்களே ஓடும் அந்தப் பேச்சில், இளமையில் தாம் தனித்தனி வளர்ச்சி என்று பெயரிட்டு அழைக்கப்பட்ட நிறவெறிக் கொள்கையை ஆதரித்ததாகவும், 1980களின் தொடக்கத்திலிருந்து தம் எண்ணம் முற்றிலும் மாறிவிட்டதாகவும் அவர் சொல்கிறார். கறுப்பினத்தவருக்கும் கலப்பினத்தவருக்கும் இந்தியர்களுக்கும் நிறவெறி இழைத்த வலிக்கும் அவமதிப்புக்கும் சேதத்துக்கும் எந்த நிபந்தனையுமின்றி மன்னிப்புக் கேட்கிறார். அந்தக் காணொளியை டர்பன் நண்பர்கள் பலர் அண்மையில் மறுபடியும் பகிர்ந்து, மனிதர் கடைசியிலாவது மனம் திறந்தாரே என்று எழுதியிருப்பதைப் பார்த்தேன். அவர்களுடைய நல்லெண்ணத்தை மதிக்கிறேன். ஆயினும், ஒரு முன்னாள் அதிபர் தம் முடிவுகளைப் பற்றித் தாமே பேசி விட்டுச்செல்லும் பதிவை வரலாற்றுச் சான்றாக எடுத்துக்கொள்வதற்கு முன், அந்தப் பதிவின்போது அவர் எதிரே அமர்ந்து கேள்வி கேட்டவர் யார் என்று நாம் பார்த்தாக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

டி கிளெர்க் செய்த நல்லதை நான் மறுக்கவில்லை. 1990 பிப்ரவரி 2 அன்று நாடாளுமன்றத்தில் ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸ் உள்ளிட்ட அமைப்புகளின் மீதான தடையை நீக்கி அறிவித்தவர் அவர்தான். ஒன்பது நாளில் மண்டேலா சிறையிலிருந்து நடந்து வெளியே வந்தார். எந்த இனத்தவர் எங்கே வாழலாம் என்று வரையறுத்து, இந்தியர்களான நம்மை ஊர் ஊராகப் பிரித்துவைத்த குரூப் ஏரியாஸ் சட்டம் 1991இல் அவருடைய ஆட்சியிலேயே நீக்கப்பட்டது. நாடு இரகசியமாகச் செய்துவைத்திருந்த ஆறு அணுகுண்டுகளையும் பிரித்துப்போட்டுவிட்டதாக 1993 மார்ச்சில் நாடாளுமன்றத்திலேயே ஒப்புக்கொண்டார். தந்தை அமைச்சராக இருந்த, அத்தையின் கணவர் ஸ்ட்ரெய்டோம் பிரதமராகவே இருந்த ஒரு குடும்பத்தில் பிறந்தவர் இவற்றைச் செய்ய முன்வந்தது சாதாரணம் இல்லை.

அந்தக் காணொளியை என் பெரியம்மாவுக்குக் கைப்பேசியில் போட்டுக் காட்டினேன். டர்பனின் கேட்டோ மேனர் பகுதியில் தகரமும் மரமும் கொண்டு தாத்தா கட்டிய வீட்டில் பிறந்து வளர்ந்தவர் அவர். 1958இல் அந்தப் பகுதி வெள்ளையருக்கென அறிவிக்கப்பட்ட பின் குடும்பம் இந்தியர்களுக்கென ஒதுக்கப்பட்ட சாட்ஸ்வொர்த்துக்கு வந்தது. வீட்டு வரி கட்டிய பழைய ரசீது ஒன்றை, மடிப்பு கிழியாமல் இருக்க இரண்டு அட்டைகளுக்கு நடுவே வைத்து, பூஜை அலமாரியின் கீழ்த்தட்டில் இன்னும் வைத்திருக்கிறார். இப்போதும் பெரிய வெள்ளியன்று இரண்டாம் ஆற்றுக் கோயில் தீமிதிக்குக் கேட்டோ மேனர் போகிறவர். காணொளியை முழுவதும் பொறுமையாகப் பார்த்தார். "நல்லாத்தான் பேசறாரு. ஆனா எதுக்கு மன்னிப்புன்னு ஒண்ணாச்சும் சொன்னாரா? எந்தக் காகிதத்துல கையெழுத்துப் போட்டேன்னு சொன்னாரா?" என்று கேட்டார். மீண்டும் ஒருமுறை ஓடவிட்டுப் பார்த்தோம். சொல்லவில்லை. இந்தியர்கள் என்று நம்மைக் குறிப்பிடுகிறார். தாம் அமைச்சரவையில் இருந்த ஆண்டுகளில் நம்மைக் குறித்து எடுத்த ஒரு முடிவைக்கூடக் குறிப்பிடவில்லை.

பெரியம்மாவின் கேள்வியை யாரேனும் அவரிடம் நேரில் கேட்டிருக்கிறார்களா என்றால், கேட்டிருக்கிறார்கள். 1996 ஆகஸ்டிலும் 1997 மே மாதத்திலும் நிறவெறிக் காலக் கொடுமைகளை விசாரித்த உண்மை, நல்லிணக்க ஆணையத்தின் முன் அவர், அந்த ஆட்சியை நடத்திய தேசியக் கட்சியின் சார்பில் வந்து அமர்ந்தார். அங்கும் நிறவெறியால் விளைந்த துன்பத்துக்கு மன்னிப்புக் கேட்டார். ஆனால் கொலைகளும் சித்திரவதைகளும் தமக்குத் தெரிந்தோ தம் அனுமதியோடோ நடக்கவில்லை என்பதில் கடைசிவரை பிடிவாதமாக நின்றார். ஆணையத்தின் தலைவர் பேராயர் டெஸ்மண்ட் டுட்டு, அந்தக் காலத்தில் நடந்துகொண்டிருந்தவற்றைத் தாமே நேரில் போய் அவரிடம் எடுத்துச்சொல்லியிருக்கும்போது, தெரியாது என்று அவர் எப்படிச் சொல்ல முடிகிறது என்று கேட்டுச் செய்தியாளர்கள் முன் கலங்கிப்போனார்.

1998 அக்டோபரில் ஆணையத்தின் அறிக்கை வெளிவந்தபோது நடந்ததை இன்றைய இளைஞர்கள் அறிந்திருக்க வாய்ப்பில்லை. 1988இல் ஜோஹன்னஸ்பர்க்கில் திருச்சபைகள் மன்றத்தின் தலைமையகமான கோட்சோ ஹவுஸ் குண்டுவைத்துத் தகர்க்கப்பட்டதை ஒட்டி, டி கிளெர்க்கைப் பற்றி ஆணையம் ஒரு முடிவுக்கு வந்திருந்தது. அதை வெளியிடக் கூடாது என்று அவர் நீதிமன்றத்தை நாடினார். வழக்கு முடியாததால் அந்தப் பகுதியைக் கறுப்பு மையால் மூடி அச்சிட்டார்கள். அத்தனை தொகுதிகள் கொண்ட அறிக்கையில், நாட்டின் ஒரு முன்னாள் அதிபரைப் பற்றிய இடம் மட்டும் கறுப்புக் கட்டமாக இருந்தது. தம்மைப் பற்றிப் பிறர் விசாரித்து எழுதியதை மறைக்க வழக்காடியவர், தம்மைப் பற்றித் தாமே பேசியதை இறந்த நாளில் வெளியிடும்படி விட்டுச்சென்றிருக்கிறார். இந்த இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்க்காமல் காணொளியை மட்டும் பார்ப்பது அரைகுறையான வரலாறு.

உம்தாட்டா என்ற ஊரில் நடந்ததைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 1993 அக்டோபர் 8 அதிகாலையில், விடுதலைப் படையினரின் தளம் என்று கூறி ராணுவம் அங்கே ஒரு வீட்டுக்குள் புகுந்து, தூங்கிக்கொண்டிருந்த ஐந்து பேரைச் சுட்டுக் கொன்றது. ஐவரும் பள்ளிப் பருவத்துப் பிள்ளைகள்; இருவருக்கு வயது 12. அந்தத் தாக்குதலுக்கு அனுமதி கொடுத்தவர் அதிபர் டி கிளெர்க். அதற்கு அடுத்த வாரம், அக்டோபர் 15 அன்று, அவருக்கும் மண்டேலாவுக்கும் சேர்த்து நோபல் அமைதிப் பரிசு அறிவிக்கப்பட்டது. இது அதிகாரிகள் அவருக்குத் தெரியாமல் செய்த காரியம் இல்லை. அவர் தாமே எடுத்த முடிவு. தம் முடிவுகளைத் திரும்பிப் பார்க்கும் ஒரு கடைசிப் பேச்சில் அந்தப் பிள்ளைகளுக்கு ஒரு வாக்கியம்கூட இல்லாமல்போனதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. எதிரே ஒருவர் அமர்ந்திருந்தால், எவ்வளவு மென்மையானவராக இருந்தாலும், உம்தாட்டா என்ற ஊர்ப்பெயரையாவது உச்சரித்திருப்பார்.

2020 பிப்ரவரியில் அரசுத் தொலைக்காட்சிக்கு அவர் கொடுத்த பேட்டியையும் இங்கே நினைவுகூர வேண்டும். நிறவெறி மானுடத்துக்கு எதிரான குற்றம் என்பதைத் தாம் முழுமையாக ஏற்கவில்லை என்று அதில் சொன்னார். நாடே கொதித்தது; சில நாட்களில் அந்தக் கருத்தைத் திரும்பப் பெற்று மன்னிப்புக் கேட்டார். 1980களிலேயே மனம் மாறிவிட்டதாகச் சொல்பவரின் வாயிலிருந்து, முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகியும், ஒரு நேரடிக் கேள்விக்கு அந்தப் பதில்தான் வந்தது. அதனால் அவருடைய மனத்தை அறிய, யோசித்துத் தயாரித்த கடைசிக் காணொளியைவிட இந்தப் பேட்டியே எனக்கு நம்பத்தக்கதாகத் தோன்றுகிறது.

இதற்கு நேர்மாறான ஒலிப்பதிவுகளும் இந்த நாட்டிலேயே இருக்கின்றன. 1994இல் வெளிவந்த தன்வரலாற்றுக்காக மண்டேலா 1992, 1993 ஆண்டுகளில் ரிச்சர்ட் ஸ்டெங்கல் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளரோடு ஐம்பது மணி நேரத்துக்கும் மேல் பேசினார். அவை தவிர, போராட்டத் தோழர் அகமது கத்ராடாவோடு பேசிய பதிவுகளும் உண்டு. இவற்றுள் என் மனத்தை அதிகம் ஈர்ப்பவை கத்ராடா பதிவுகள்தாம். நிறவெறி அரசு தொடுத்த ரிவோனியா வழக்கில் இருவரும் ஒன்றாக ஆயுள் தண்டனை பெற்றவர்கள். ராபன் தீவிலும் பின்னர் போல்ஸ்மூர் சிறையிலும் ஒன்றாக இருந்தவர்கள். 1985இல் அறுவைச் சிகிச்சை முடிந்து திரும்பிய மண்டேலாவைச் சிறை அதிகாரிகள் தோழர்களிடமிருந்து பிரித்துத் தனியே வைத்தபோது, அவர் யாரையும் கலந்துகொள்ளாமல், அரசோடு பேச்சுவார்த்தையைத் தொடங்குவது என்று தாமாகவே முடிவெடுத்தார். சொன்னால் தோழர்கள் தடுத்துவிடுவார்கள் என்பது அவருக்குத் தெரிந்தே இருந்தது. அவருடைய வாழ்க்கையிலேயே மிகப் பெரிய, மிக ஆபத்தான முடிவு அது. பிறகு தெரியவந்தபோது அதை எதிர்த்தவர்களில் ஒருவர் கத்ராடா.

அந்தக் கத்ராடாதான் பிற்பாடு ஒலிப்பதிவுக் கருவியை நடுவில் வைத்துக்கொண்டு, தன்வரலாற்றின் வரைவைப் பக்கம் பக்கமாகப் புரட்டி, பதிப்பாளர்கள் எழுப்பிய ஐயங்களை வாசித்து மண்டேலாவிடம் பதில் கேட்கிறார். நினைவு பிசகும் இடத்தில் இவர் திருத்துகிறார், அவர் மறுக்கிறார், சில இடங்களில் இருவரும் சிரித்துவிடுகிறார்கள். அச்சில் வந்த பகுதிகளில் அந்தச் சிரிப்பும் குறித்துக்காட்டப்பட்டிருக்கிறது. தம்மோடு சிறையில் கிடந்தவர், தம் முடிவோடு மாறுபட்டவர், தம்மைப் பார்த்து அஞ்சாதவர் எதிரே இருக்கும்போது, ஒரு தலைவர் தம்மை அழகாக்கிச் சொல்ல நினைத்தாலும் அவ்வளவு எளிதில் சொல்லிவிட முடியாது.

மண்டேலாவின் பதிவுகளுக்கும் எல்லை உண்டு என்பதை மறைக்க நான் விரும்பவில்லை. அவை பெரும்பாலும் அவர் அதிபராவதற்கு முன் எடுக்கப்பட்டவை. எய்ட்ஸ் நோய் பரவிய ஆண்டுகளில் அவருடைய அரசு எடுத்த, எடுக்கத் தவறிய முடிவுகளை யாரும் இவ்வளவு நீண்ட நேரம் உட்கார்ந்து அவரிடம் கேட்டுப் பதிவு செய்யவில்லை. அதிபர் காலத்தைப் பற்றி 1998இல் அவரே கையால் எழுதத் தொடங்கிய நூலும் அவர் கையால் முடியவில்லை. நூலாகவும் ஒலித்தொடராகவும் நமக்கு வந்து சேர்ந்திருப்பவை தேர்ந்தெடுத்த பகுதிகள். தொகுப்பவருடைய கை அவற்றில் இருக்கவே செய்யும். நாம் போற்றும் தலைவர் என்பதற்காக அந்தக் கேள்விகளைத் தளர்த்தக் கூடாது. டி கிளெர்க்கிடம் எதிர்பார்ப்பதை மண்டேலாவிடமும், இனி வரும் எந்த அதிபரிடமும் எதிர்பார்க்க வேண்டும்.

ஆகவே காணொளியைப் பகிரும் நண்பர்களிடம், குறிப்பாக வரலாற்றுப் பாடம் நடத்தும் ஆசிரிய நண்பர்களிடம், எனக்கு ஒரு கோரிக்கை உண்டு. பிள்ளைகளுக்கு 2021ஆம் ஆண்டுக் காணொளியைப் போட்டுக் காட்டினால், 1997ஆம் ஆண்டு ஆணையத்தின் முன் அவர் சொன்ன பதில்களையும் அதே வகுப்பில் கொடுங்கள். கறுப்பு மை பூசிய அந்தப் பக்கத்தைக் காட்டுங்கள். குவாசுலு-நட்டால் பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்வில் வளாகத்தில் உள்ள காந்தி லுத்துலி ஆவண மையத்தில், போராட்டத்தில் நின்ற நம்மவர்களின் வாய்மொழிப் பதிவுகள் இருக்கின்றன. அவற்றிலிருந்து ஒன்றையாவது கேட்கச் செய்யுங்கள். சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் வெளியேற்றத்தை அனுபவித்த முதியவர்கள் இன்னும் சிலர் நம்மோடு இருக்கிறார்கள். வகுப்புக்கு ஒருவரை அழைத்து வரலாம்.

1985இல் கிராடாக் ஊரைச் சேர்ந்த நான்கு போராளிகள் கடத்திக் கொல்லப்பட்டதைப் பற்றிய மறுவிசாரணை 2025இல்தான் தொடங்கியது. அக்காலத்து அமைச்சரவையில் இருந்தவர் என்ற முறையில் டி கிளெர்க்கிடம் கேட்க அந்தக் குடும்பங்களுக்கு நாற்பது ஆண்டுக் கேள்விகள் இருந்தன. அவர் சாட்சிக் கூண்டில் ஏறாமலே போய்விட்டார்.