எங்க ஊர் ஆஸ்பத்திரிக்கு யாரும் பிச்சை போடல

சனிக்கிழமை ராத்திரி நம்ம வாட்ஸ்அப் குழுவில் நடந்ததைப் பெரும்பாலானவங்க பார்த்துட்டீங்க. அதை மறுபடி இங்க எடுத்து ஒட்டப் போறதில்லை. அந்த அண்ணா பேரையும் சொல்ல மாட்டேன். நாங்க அமெரிக்காவுக்கு வந்த புதுசுல அவங்க வீட்டில் கை நனைச்சிருக்கோம், அந்த மரியாதை இன்னும் இருக்கு. ஆனா எங்க சின்ன ஊர் ஆஸ்பத்திரி கடன் வாங்கிப் புதுப் பிரசவ வார்டு கட்டினதைப் பத்திப் பேச்சு வந்தப்போ, "எங்க வரிப்பணத்துல பட்டிக்காட்டு ஆஸ்பத்திரிக்குப் புதுக் கட்டடமா? அவங்க கடன் கட்டலைன்னா நாங்க கட்டணுமா?"ன்னு அவர் கேட்டதும், அதுக்குக் கீழ வரிசையா கைதட்டல் விழுந்ததும் மனசுல அப்படியே நிக்குது. குழுவிலேயே பதில் எழுதினேன். "சரி சரி விடும்மா"ன்னு ஒருத்தர் முடிச்சு வெச்சார். விட முடியல. அதான் இங்க எழுதறேன்.

முதல்ல ஒண்ணு. அரசாங்கம் எங்க ஆஸ்பத்திரிக்குப் பணம் கொடுக்கல. ஒரு டாலர்கூடக் கொடுக்கல. கடன் கொடுத்தது ஒரு தனியார் நிறுவனம். அந்தக் கடனுக்கு எஃப்.ஹெச்.ஏ, அதாவது வீட்டுக் கடன்களுக்குக் காப்பீடு தர்ற மத்திய அரசு அமைப்பு, காப்பீடு கொடுத்திருக்கு, அவ்வளவுதான். தேசிய வீட்டுவசதிச் சட்டத்தோட 242-ஆவது பிரிவு. 1968-லேர்ந்து நடக்குற திட்டம் இது, நேத்து யாரோ ஓட்டு வாங்கக் கொண்டு வந்தது இல்லை. ஆஸ்பத்திரி தவணை கட்ட முடியாமப் போனா, கடன் கொடுத்தவங்களுக்கு எஃப்.ஹெச்.ஏ பணம் தரும். அந்த உத்தரவாதத்துக்காக ஆஸ்பத்திரி வருஷா வருஷம் பிரீமியம் கட்டுது. நிலுவையில இருக்கிற கடன்ல ஒரு சதவீதத்துக்கும் குறைவான தொகைதான், ஆனா கடன் தீரும்வரைக்கும் கட்டணும். விண்ணப்பக் கட்டணம், ஆய்வுக் கட்டணம் எல்லாம் தனி.

இந்த வருமானத்தையும் நஷ்டத்தையும் சேர்த்துப் பார்த்து, திட்டத்தால அரசாங்கத்துக்குச் செலவை விட வரவுதான் அதிகம்னு மத்திய பட்ஜெட்டே மதிப்பிடுது. மறுபடி சொல்றேன், வரவு அதிகம். வரிப்பணம் எங்க போச்சுன்னு கேட்டவங்க இந்த ஒரு வரியை மட்டுமாவது படிங்க.

அந்தக் காப்பீடு எளிதாக் கிடைக்கிற மாதிரியும் பேசினாங்க. நான் ஆஸ்பத்திரி அக்கவுண்ட்ஸ்ல வேலை பார்க்கிறவள். அந்த விண்ணப்பத்துக்கான காகிதங்கள் என் மேஜை வழியாவும் போச்சு. கடைசி மூணு வருஷ சராசரியில ஆஸ்பத்திரி நஷ்டத்துல ஓடியிருக்கக் கூடாது. வருஷத்துக்கு அசலும் வட்டியுமா ஒரு டாலர் கட்டணும்னா, அதைக் கட்டறதுக்கு 1.25 டாலராவது கைக்கு வந்திருக்கணும். கட்டடத்தோட மதிப்புல அதிகபட்சம் 90 சதவீதம்தான் கடன். மாநிலம் இந்த ஆஸ்பத்திரி தேவைன்னு சான்று கொடுக்கணும், இல்லைன்னா தேவையை நிரூபிக்கிற ஆய்வு வேணும். கட்டி முடிச்ச பிறகு 25 வருஷத்துல முழுக் கடனும் தீரணும். நாளைக்குத் தவணை தட்டிடுச்சுன்னா எடுத்துக் கட்டறதுக்குன்னு தனியா ஒரு நிதியையும் சேர்த்துக்கிட்டே வரணும். இதுல எங்கே பிச்சை?

அப்போ காப்பீடே இல்லாம வாங்கிக்க வேண்டியதுதானேன்னு கேட்பீங்க. வாங்கலாம், ஆனா வட்டி எங்கேயோ போயிடும். பெரிய நகரத்து ஆஸ்பத்திரிக் குழுமங்களுக்கு நல்ல கடன் தர மதிப்பீடு (கிரெடிட் ரேட்டிங்) இருக்கு, அவங்களே பத்திரம் வெளியிட்டுக் குறைஞ்ச வட்டிக்குப் பணம் திரட்டுவாங்க. எங்களை மாதிரி 25 படுக்கை ஆஸ்பத்திரிக்குப் பெரும்பாலும் தர மதிப்பீடுன்னு ஒண்ணே இருக்காது. நோயாளிகள்ல பெரும்பகுதி மெடிகேர் (முதியோருக்கான அரசு காப்பீடு), மெடிகெய்ட் (ஏழைகளுக்கான அரசு காப்பீடு) வெச்சிருக்கிறவங்க. ஆள் வந்தாலும் வராட்டியும் எமர்ஜென்சி வாசலை 24 மணி நேரமும் திறந்து வெச்சிருக்கணும். காசு இருக்கோ இல்லையோ வந்தவரைப் பரிசோதிச்சு உயிரைக் காப்பாத்தற நிலைக்குக் கொண்டு வரணும்னு 1986-லேர்ந்து சட்டம் இருக்கு. அது நல்ல சட்டம். ஆனா அந்தச் செலவு எங்க தலையில. இந்தக் கணக்கைப் பார்க்கிற வங்கிக்காரர் முகம் எப்படி மாறும்னு எனக்குத் தெரியும். எஃப்.ஹெச்.ஏ காப்பீடு கூட வந்தா அதே கடனுக்குப் பின்னால அமெரிக்க அரசாங்கத்தோட உத்தரவாதம் நிக்குது. வட்டி இறங்குது. கட்டடம் எழும்புது.

"சந்தை தீர்மானிக்கட்டும், அரசாங்கத்துக்கு இதுல என்ன வேலை?"ன்னு இன்னொரு நண்பர். நண்பரே, அந்தக் குழுவில் எத்தனை பேர் முதல் வீட்டை 3.5 சதவீதம் முன்பணம் கட்டி வாங்கினீங்க? அதுவும் இதே எஃப்.ஹெச்.ஏதான். 1934-ல் பெருமந்தக் காலத்துல உண்டாக்கின அதே அமைப்பு, இதே மார்ட்கேஜ் (அடமானக் கடன்) காப்பீடு. 2025 மே மாசம் வரைக்கும் ஹெச்1பி வேலை விசாவுல இருந்தவங்களுக்கும் அது கிடைச்சுது. அந்தக் கதவு சாத்தினப்ப இதே குழுவில் எவ்வளவு புலம்பல்! நமக்கு நாலு பெட்ரூம் வீடு வாங்கும்போது அது உரிமை, ஒரு ஊருக்கே பிரசவ வார்டு கட்டும்போது அது தண்டச் செலவு. இதை எப்படி ஏத்துக்கிறது?

சில ஆஸ்பத்திரிகள் கடனைக் கட்டாமத் தவறியிருக்கு, உண்மைதான். ரொம்ப காலம் காப்பீட்டுத் தொகையில பெரும்பங்கு நியூயார்க் மாநிலத்து ஆஸ்பத்திரிகளுக்கே போச்சு, ஒரே இடத்துல இவ்வளவு குவிஞ்சா ஆபத்துன்னு அரசாங்கத்தோட தணிக்கை அலுவலகமே சொல்லிச்சு. அதுவும் உண்மை. அதுக்குப் பதில் மத்த மாநிலங்களுக்கும் பரப்புறதுதானே தவிர, திட்டத்தையே மூடுறது இல்லை. கலிபோர்னியா மாநிலம் தனக்குன்னே 'கால்-மார்ட்கேஜ்'னு இதே மாதிரி ஒண்ணை வெச்சு நடத்துது.

வார்டுன்னு சொன்னேன் இல்லையா. என் ரெண்டாவது பிரசவத்தைப் பத்திக் கொஞ்சம் பேருக்குத்தான் தெரியும். எங்க பக்கத்து கவுண்டியில (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி) இருந்த பிரசவ வார்டை அதுக்கு முந்தின வருஷம்தான் மூடினாங்க. எங்க ஊர்ல அப்போ அந்த வசதியே கிடையாது. ஜனவரி மாசம், ராத்திரி, ரோடு முழுக்கப் பனி. அவர் வண்டி ஓட்டறார். பின்சீட்டுல எங்கம்மா, விருதுநகர்லேர்ந்து வந்து மூணு வாரம்தான் ஆகியிருந்துச்சு. நடுவுல எங்கேயும் விளக்கு வெளிச்சமே இல்லை. "அமெரிக்கான்னு சொன்னீங்களேடி, ஒரு ஆஸ்பத்திரி இல்லையா?"ன்னு அம்மா கேட்டாங்க. எனக்கு வலியில பதில் சொல்ல முடியல. ஒரு மணி நேரத்துக்கு மேல ஆச்சு. பிள்ளை நல்லாப் பிறந்தான், கடவுள் புண்ணியம். அதே ரோட்டுல அதே மாதிரி போய், நேரத்துக்குச் சேர முடியாத ஒரு பொண்ணை எனக்குத் தெரியும். அவங்க கதையை எழுத எனக்கு உரிமை இல்லை.

2010-க்கு அப்புறம் இந்த நாட்டுல நூத்துக்கும் மேற்பட்ட கிராமப்புற ஆஸ்பத்திரிகள் மூடியாச்சு. 1946-ல் ஹில்-பர்ட்டன் சட்டம் வந்து, ஊர் ஊரா ஆஸ்பத்திரி கட்ட அரசாங்கமே மானியம் கொடுத்துச்சு. பதிலுக்கு ஏழைகளுக்கு இலவச வைத்தியம் பார்க்கணும்னு நிபந்தனை. இன்னிக்குப் பழைய கட்டடமா நிக்கிற சின்ன ஊர் ஆஸ்பத்திரிகள்ல பல அந்தப் பணத்துல எழும்பினதுதான். அப்போ கொடுத்தது மானியம். இப்போ அதுவும் இல்லை, காப்பீடுதான், அதுக்கும் நாங்க பிரீமியம் கட்டறோம். அதைக்கூடக் கண்ணு வைக்கிறீங்க.

உண்மையைச் சொன்னா, இந்தத் திட்டத்து மேல எனக்கும் கோபம் உண்டு. அண்ணாவோட கோபத்துக்கு நேர் எதிரான கோபம். இது தேவைக்கு மேல ஜாக்கிரதையா இருக்கு. ஏற்கனவே காலூன்றி நிக்கிற ஆஸ்பத்திரிக்குத்தான் கை கொடுக்குது. மூணு வருஷமா நஷ்டத்துல ஓடுற, கூரை ஒழுகுற, நாளைக்கு மூடப் போற ஆஸ்பத்திரிக்கு இதுல இடமே இல்லை. சின்ன ஆஸ்பத்திரிகள்ல பலது உள்ள வரவே 2003-ல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் விதியைத் தளர்த்த வேண்டியிருந்துச்சு. எங்க ஊர் தப்பிச்சது. பக்கத்து கவுண்டி தப்பிக்கல. விவாதிக்கணும்னா இதை விவாதிங்க, நானும் வர்றேன்.

ஆனா இவ்வளவும் எழுத வெச்சது அந்தக் கணக்குகள் இல்லை. கடைசியா அந்த அண்ணா போட்ட வரி. "அங்க போய் உட்காரச் சொன்னது யாரு? வசதி வேணும்னா சிட்டிக்கு வரட்டும்."

யார் சொன்னதா? இந்த நாட்டுச் சட்டம் சொல்லிச்சு. ஜே-1 விசாவுல, அதாவது பயிற்சிக்குன்னு தர்ற விசாவுல, வந்து பயிற்சி முடிச்ச டாக்டர் ரெண்டு வருஷம் சொந்த நாட்டுக்குத் திரும்பணும், இல்லைன்னா டாக்டர் பற்றாக்குறை இருக்கிற இடத்துல மூணு வருஷம் வேலை பார்க்கணும். 'கான்ராட் 30'ன்னு பேர், மாநிலத்துக்கு வருஷத்துக்கு முப்பது பேர். அப்படித்தான் என் வீட்டுக்காரர் இங்க வந்தார். அப்படித்தான் நம்ம தமிழ் டாக்டர்கள் எத்தனையோ பேர், பேரே கேள்விப்படாத ஊர்கள்ல எமர்ஜென்சியில ராத்திரி முழிச்சிருக்காங்க. குழுவில் கைதட்டினவங்கள்ல ரெண்டு பேரோட மச்சான், தம்பி அந்த மாதிரி ஊர்லதான் இருக்காங்கன்னு எனக்குத் தெரியும்.

எங்க மூணு வருஷம் எப்பவோ முடிஞ்சுது. நாங்க கிளம்பல. இங்க இருக்கிற பாட்டிகளுக்கு அவர் பேரைச் சரியாச் சொல்ல வராது, ஆனா அவரைத்தான் கேட்டு வர்றாங்க. புது வார்டுல இப்போ பிரசவம் பார்க்கிறாங்க.

அண்ணா, இதைப் படிப்பீங்கன்னு தெரியும். கடனைப் பத்தி, வட்டியைப் பத்தி, காப்பீட்டைப் பத்தி எவ்வளவு வேணா சண்டை போடலாம், கமெண்ட்ல வாங்க. அந்தக் கடைசி வரியை மட்டும் குழுவிலேர்ந்து எடுத்துடுங்க.