ஜூடி ப்ளூமுக்கு வந்த கடிதங்கள்

அமெரிக்கச் சிறுவர் எழுத்தாளர் ஜூடி ப்ளூம் பற்றிய 'ஜூடி ப்ளூம் ஃபாரெவர்' ஆவணப்படத்தைப் பார்த்ததிலிருந்து, வாசகப் பிள்ளைகள் அவருக்கு எழுதிய கடிதங்கள் நினைப்பாகவே இருக்கிறேன். டேவினா பார்டோவும் லியா வோல்ச்சாக்கும் சேர்ந்து இயக்கிய படம், 2023 ஏப்ரலில் அமேசான் பிரைமில் வந்தது. படத்தைப் பற்றி எழுதியவர்கள் பெரும்பாலும் அவர் புத்தகங்கள் எட்டுக் கோடிப் பிரதிக்கு மேல் விற்றதையும், அவற்றுக்கு வந்த தடைகளையும் சொல்கிறார்கள். எனக்கு அந்தப் படத்தின் உயிர் கடிதங்களில்தான் இருப்பதாகப் படுகிறது.

1970-இல் அவருடைய 'ஆர் யூ தேர் காட்? இட்ஸ் மி, மார்கரெட்' நாவல் வந்தது. தோழிகளுக்கெல்லாம் வந்துவிட்டதே, எனக்கு மட்டும் ஏன் இன்னும் மாதவிடாய் வரவில்லை என்று கடவுளிடம் தனியாகப் பேசுகிற பதினோரு வயசுப் பெண்ணின் கதை, அவ்வளவுதான். தன் பிள்ளைகள் படித்த பள்ளிக்கே ப்ளூம் சில பிரதிகள் கொடுத்தார், மாதவிடாய் பற்றி இருக்கிறது என்று சொல்லி அந்தத் தலைமை ஆசிரியர் நூலகத்தில் வைக்க மறுத்துவிட்டார். ஆனால் புத்தகம் எப்படியோ பிள்ளைகள் கைக்குப் போனது, அப்புறம் கடிதங்கள் வர ஆரம்பித்தன, ஆயிரக்கணக்கில். தோழி பேசுவதில்லை, அப்பா அம்மா பிரியப்போகிறார்கள், என் உடம்பில் என்னமோ நடக்கிறது, வீட்டில் ஒருவர் எனக்குச் செய்வதை யாரிடமும் சொல்ல முடியவில்லை, சாகணும் போல இருக்கிறது. பெற்ற தாயிடம் வாய் திறக்க முடியாததையெல்லாம் முன்பின் பார்த்திராத ஒரு எழுத்தாளருக்கு எழுதியிருக்கிறார்கள். அந்தக் கடிதங்கள் இப்போது யேல் பல்கலைக்கழகத்தின் பைனக்கி நூலகத்தில் இருக்கின்றன.

அவர் பதில் போட்டிருக்கிறார், அதுதான் விஷயம். சிறு வயதில் எழுத ஆரம்பித்துப் பல வருடம் அவரோடு கடிதத் தொடர்பில் இருந்த இரண்டு பெண்கள் படத்தில் பேசுகிறார்கள், இருவரும் இப்போது நடுவயது. ஒருவர் சகோதரனைத் தற்கொலையில் பறிகொடுத்தவர். அந்தப் பெண் பேசும்போது கேமரா அவசரப்படாமல் நிற்கிறது, அந்தப் பொறுமைக்காகவே இயக்குநர்களுக்கு நன்றி சொல்லலாம். புகழ்பெற்ற எழுத்தாளர் தன்னைக் காப்பாற்றியதாகக் கண்ணீரோடு சொல்லுகிற ரசிகையின் காட்சியாக அது மாறவே இல்லை. ஒரு பெரிய மனுஷி தன்னை ஒரு ஆளாக மதித்தார் என்றுதான் சொல்கிறார். ப்ளூம் எப்படிச் சிறுவர்களுக்கு எழுதினார் என்பதற்கும் இதைத் தாண்டி விளக்கம் தேவையில்லை.

அவருடைய சொந்த வாழ்க்கையிலும் பெரியவர்களின் மௌனம் நிறைய இருக்கிறது. அவர் வளர்ந்தது நியூ ஜெர்சியில் எலிசபெத் என்கிற ஊர். 1951 டிசம்பரிலிருந்து 1952 பிப்ரவரிக்குள் மூன்று பயணிகள் விமானங்கள் அந்த ஒரே ஊரில் விழுந்தன. அவர் அப்பா பல் டாக்டர், கருகிப்போன உடல்களைப் பல்லை வைத்து அடையாளம் காண அவரைக் கூப்பிட்டார்கள். அப்போது ஜூடிக்குப் பதின்மூன்று, பதினான்கு வயது. இந்த அனுபவம் நாவலாக வெளிவந்தது 2015-இல். அறுபது வருஷத்துக்கு மேல் மனசுக்குள் கிடந்திருக்கிறது.

தடை விவகாரத்துக்கு வருகிறேன். 1980-இல் ரீகன் ஜெயித்த பிறகு அமெரிக்கப் பள்ளி நூலகங்களில் புத்தகங்களை எடுக்கச் சொல்லும் கூட்டம் பலத்தது. 1984-இல் ஒரு தொலைக்காட்சி விவாதத்தில் வலதுசாரி விமர்சகர் பாட் புக்கானன், ப்ளூமின் 'டீனி' நாவலில் சுய இன்பம் பற்றி வரும் சில வரிகளையே பிடித்துக்கொண்டு ப்ளூமைக் குடைகிறார். டீனி உண்மையில் முதுகெலும்பு வளைந்து, வருஷக்கணக்கில் உடம்பில் பட்டை மாட்டிக்கொண்டு திரிய வேண்டிய ஒரு பெண்ணின் கதை. மாடல் ஆகவேண்டும் என்பது அம்மாவின் கனவு. அந்த வலி புக்கானன் கண்ணில் படவே இல்லை. ஒரு புத்தகத்தில் நாலு வரியை மட்டும் அடிக்கோடிட்டுப் படிக்கிறவர்கள் குழந்தைகளைப் பற்றிக் கவலைப்படுகிறார்கள் என்று என்னால் நம்ப முடியவில்லை. ப்ளூம் அங்கே பதறாமல், இந்த விஷயத்தில் உங்களுக்கு ஏன் இவ்வளவு பிடிப்பு என்று அவரையே திருப்பிக் கேட்கிறார்.

அதே சமயம், 1981-இல் வந்த 'டைகர் ஐஸ்' நாவலில், தன் எடிட்டர் சொன்னதற்காக அதே மாதிரி ஒரு பத்தியை அவரே நீக்கியிருக்கிறார். நீக்கினால் நிறைய வாசகர்கள் கைக்குப் போகும் என்பது எடிட்டரின் வாதம். நல்ல எண்ணத்தில் சொன்னவர்தான், ப்ளூமின் புத்தகங்களுக்காக உழைத்தவர்தான். பின்னாளில் ப்ளூம் அதற்கு வருந்தினார். எதிரியைவிட நம் பக்கத்து ஆள் சொல்லும்போதுதான் கை தானாக வரியை நீக்கிவிடுகிறது, எழுதுகிறவர்களுக்கு இது தெரியும்.

குறையும் உண்டு. நடிகைகள், பிரபலங்கள் என்று வரிசையாக உட்காரவைத்துப் பாராட்ட வைத்திருக்கிறார்கள். ஒன்றரை மணி நேரப் படத்தில் அதைப் பாதியாகக் குறைத்து இன்னும் பத்துக் கடிதம் வாசித்திருக்கலாம். இத்தனை கடிதங்களின் பாரத்தை ஒருவர் எப்படிச் சுமந்தார் என்பதையும் இன்னும் விரிவாகக் கேட்டிருக்கலாம்.

2024-இல் அமெரிக்காவின் யூட்டா மாநிலம் பள்ளிகளிலிருந்து மொத்தமாக எடுக்கச் சொன்ன 13 புத்தகங்களில் 1975-இல் வந்த அவருடைய 'ஃபாரெவர்' நாவலும் இருக்கிறது. உடலுறவு கொள்கிற பெண் கடைசியில் சாகாமலோ அழியாமலோ இருக்கிற ஒரு கதை வேண்டும் என்று மகள் கேட்டதற்காக எழுதியது. அதைத் தடை செய்தவர்கள் பைனக்கி நூலகத்துக்குப் போய், பத்து வயசுப் பிள்ளைகள் பென்சிலால் எழுதியதை ஒரு மதியமாவது உட்கார்ந்து படிக்கட்டும். பிறகு பேசுவோம்.