கைடட் வேவ் சோதனை தடிமனை அளப்பதில்லை
கைடட் வேவ் என்பது குழாய்ச் சுவர் வழியே ஒலியலைகளை நெடுந்தூரம் அனுப்பி, திரும்பும் எதிரொலியால் அரிப்பைத் தேடும் சோதனை. அலைகளை அனுப்பும் அதன் வளையத்தை ஓரிடத்தில் மாட்டினாலே குழாய் நெடுக மீதமுள்ள சுவர்த் தடிமன் மில்லிமீட்டரில் கிடைத்துவிடும் என்று மேலே ஒருவர் சொல்லியிருக்கிறார். மன்னிக்கவும், அது சரியல்ல. அது தருவது குழாய்ச் சுவரின் குறுக்குவெட்டுப் பரப்பு எவ்வளவு மாறியிருக்கிறது என்ற மதிப்பீடுதான்.

8 மி.மீ. சுவரில் 5% பரப்பு இழப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். சுற்று முழுக்கச் சமமாக அரித்திருந்தால் போனது 0.4 மி.மீ. அதே இழப்பு சுற்றளவில் பத்தில் ஒரு பங்குக்குள் குவிந்திருந்தால் சுமார் 4 மி.மீ., பாதிச் சுவர்!

கையிலுள்ள அறிக்கையைப் பாருங்கள்: கிடை அச்சில் தூரம், நிலை அச்சில் எதிரொலியின் வீச்சு. தடிமனுக்கு அச்சே இல்லை. குறி விழுந்த இடத்தில் இன்சுலேஷனைக் கழற்றி, துருவைச் சுரண்டிவிட்டு, சாதாரண அல்ட்ராசோனிக் தடிமன்மானியால் கட்டம் கட்டமாக அளந்தால் உண்மையான ஆழம் தெரியும்.