புது சைட்டுக்கு முப்பது பிளகின் எதுக்கு?

குமுளி, கட்டப்பனை, நெடுங்கண்டம் பக்கமெல்லாம் தமிழ்ல எழுத வர்ற பிள்ளைகளைப் பார்த்தா சந்தோஷமா இருக்கு. ஏலக்காய் விலை, எஸ்டேட் வேலைக்கு வர்ற ஜீப் வண்டிக்காரங்க பாடு, போடிமெட்டு ரோடு, கம்பம் திராட்சைன்னு எழுத விஷயத்துக்குப் பஞ்சமே இல்லாத ஊருங்க. ஆனா அவங்க வேர்ட்பிரஸ்ல போட்ட சைட்டைத் திறந்து பாருங்க, வயிறு எரியும். முதல்ல வெள்ளைத் திரை. அப்புறம் சுத்துற வட்டம். அப்புறம் நோட்டிஃபிகேஷன் வேணுமான்னு ஒரு பெட்டி, அதை மூடினா ஈமெயில் கேட்டு இன்னொரு பெட்டி, ஓரத்துல ஆறு ஷேர் பொத்தான். விலை எங்கன்னு தேடுறதுக்குள்ள காட்டுக்குள்ள நிக்கிற ஆளுக்கு சிக்னல் போயிடுது. எழுதின பிள்ளை மேல தப்பே கிடையாது. 'கட்டாயம் வேண்டிய 50 பிளகின்'னு கமிஷனுக்காகப் பட்டியல் போடுறவங்களும், குறைஞ்ச காசுக்கு சைட் போட்டுத் தர்றேன்னு வந்து கண்டதையும் ஏத்திட்டுப் போறவங்களும்தான் காரணம்.

பிளகின்னா என்ன? வேர்ட்பிரஸ்ங்கிறது சைட் நடத்தற மென்பொருள். அதுக்குக் கூடுதல் வசதி சேர்க்க, பிஹெச்பிங்கிற கணினி மொழியில எழுதின நிரல்தான் பிளகின். ஆக்டிவேட் பண்ணின நிமிஷத்துல இருந்து வேர்ட்பிரஸுக்கு இருக்கிற அத்தனை அதிகாரமும் அதுக்கும் வந்துடும். போன்ல ஒரு ஆப் போட்டா கேமரா தொடலாமா, கான்டாக்ட்ஸ் பார்க்கலாமான்னு கேக்கும். இங்க அந்தக் கேள்வியே இல்லை. டேட்டாபேஸைப் படிக்கலாம், ஃபைலை மாத்தலாம், புதுசா ஒரு அட்மினை உருவாக்கலாம். டிஸ்ப்ளே விட்ஜெட்ஸ்னு ஒரு பிளகின், சுமார் 2 லட்சம் சைட்ல ஓடிட்டிருந்தது. அதை எழுதினவர் இன்னொருத்தருக்கு வித்தார். 2017ல புது ஆள் அனுப்பின அப்டேட்டுக்குள்ள, வெளியாள் ரகசியமா நுழையற பின்வாசல் இருந்தது. சைட்டுக்குச் சொந்தக்காரங்களுக்கே தெரியாம அவங்க சைட்ல ஸ்பாம் பக்கம் ஏறுச்சு. 2020 செப்டம்பர்ல ஃபைல் மேனேஜர் பிளகின்ல பாதுகாப்பு ஓட்டை. 7 லட்சத்துக்கும் மேல சைட்ல இருந்த பிளகின் அது. லாகினே இல்லாம எவன் வேணாலும் உங்க சர்வர்ல ஃபைல் ஏத்தலாம்ங்கிற நிலைமை. சைட்டுக்கு சர்வர்ல இடம் குடுக்கிற ஹோஸ்டிங்காரங்களோட சி-பேனல்ங்கிற நிர்வாகப் பக்கத்துக்குள்ளயே ஃபைல் மேனேஜர் இருக்கும்போது இதை எதுக்குப் புது ஆளுக்குப் போட்டுக் குடுக்கணும்?

அதைவிடக் கொடுமை நல்டு காப்பி. காசு குடுத்து வாங்க வேண்டிய பிளகினைப் பூட்டு உடைச்சு இலவசமா ஏத்திட்டுப் போயிடறாங்க. அதுக்கு அப்டேட் வராது, ஓட்டை வந்தா அடைக்க ஆள் கிடையாது, உடைச்சவன் உள்ள என்ன வச்சான்னும் தெரியாது. சைட் போட்டுக் குடுக்கிறவர்கிட்ட ஒரே கேள்வி கேளுங்க: இந்த லைசென்ஸ் யார் பேர்ல இருக்கு? பதில் மழுப்பலா வந்தா அந்த பிளகினை அன்னைக்கே டெலீட் பண்ணுங்க. டீஆக்டிவேட் மட்டும் பண்ணி வச்சா போதாது, ஃபைல் சர்வர்லயே கிடக்கும். சில ஓட்டைகளுக்கு அந்த ஃபைல் கிடந்தாலே போதும்.

இலவச பிளகினுக்கும் தேர்வு இருக்கு. வேர்ட்பிரஸ் டைரக்டரியில, அதாவது அவங்க சைட்ல இருக்கிற பிளகின் பட்டியல்ல, அந்த பிளகின் பக்கத்துக்குப் போனா கடைசியா எப்ப அப்டேட் ஆச்சுன்னு தேதி இருக்கும். வேர்ட்பிரஸோட கடைசி மூணு பெரிய வெளியீட்டுல சோதிக்கலைன்னா மேலேயே எச்சரிக்கை வரும். நட்சத்திரத்தைப் பார்த்து ஏமாறாதீங்க, ஒரு ஸ்டார் குடுத்தவங்க எழுதினதைப் படிங்க. சப்போர்ட் பகுதியில கேள்விகளுக்குப் பதில் வந்திருக்கான்னு பாருங்க. இன்னொரு விஷயம் யாரும் சொல்றதில்லை: பாதுகாப்புக் காரணத்தால டைரக்டரியில இருந்து ஒரு பிளகினை மூடிட்டா, உங்க டாஷ்போர்டுல அதுக்குன்னு தானா எந்த அறிவிப்பும் வராது. அது பாட்டுக்கு ஓடிட்டே இருக்கும். அதனால மாசம் ஒரு தடவை ஒவ்வொண்ணோட பக்கத்தையும் திறந்து பாருங்க. இருக்கிறது ஏழு எட்டுன்னா அஞ்சு நிமிஷ வேலை. முப்பதுன்னா யாரும் பார்க்கமாட்டாங்க, அதுதான் ஆபத்து.

பக்கங்களோட பட்டியலைக் கூகுளுக்குக் காட்டற சைட்மேப்புக்குன்னே தனி பிளகின், வாசகர் அந்த இடத்துக்கு வரும்போது மட்டும் படத்தை லோடு பண்ண லேசி லோடு பிளகின்னு இன்னமும் பட்டியல்ல எழுதறாங்களே, கோபம் வராதா? ரெண்டும் 2020 ஆகஸ்ட்ல வந்த 5.5லயே வேர்ட்பிரஸுக்குள்ள சேர்ந்தாச்சு.

இப்ப நம்ம மொழிக்கு வருவோம். அந்தப் பட்டியல் எதுவுமே தமிழ்ல எழுதறவனை நினைச்சு எழுதினது கிடையாது. 'புற்றடி ஏலக்காய் விலை நிலவரம்'னு தலைப்பு வச்சா வேர்ட்பிரஸ் அதையே லிங்க் முகவரியாவும் ஆக்கிடும். தமிழ் எழுத்து ஒவ்வொண்ணும் முகவரியில சதவீதக் குறியோட 9 இடம் எடுக்கும். புள்ளி, கொம்பு, கால் எல்லாத்துக்கும் தனித்தனியா 9. மொத்தம் இருக்கிறதே 200 இடம். கணக்குப் போட்டா இந்தத் தலைப்பு 'புற்றடி-ஏலக்காய்-விலை-நி'யோட அறுந்து நிக்கும். தேதியைக் கடைசியில போட்டு தினமும் இதே தலைப்புல எழுதினா எல்லா முகவரியும் அதே 'நி'யில முடிஞ்சு, பின்னாடி -2, -3ன்னு எண் மட்டும் ஏறும். வாட்ஸ்அப்ல அனுப்பினா அரைத் திரைக்குப் புரியாத குறிகள். இதைத் தீர்க்கப் பிளகினே வேண்டாம். பதிவை வெளியிடறதுக்கு முன்னாடி ஸ்லக் (லிங்க் முகவரியோட கடைசிப் பகுதி) பெட்டியில ஆங்கில எழுத்துல மூணு நாலு சொல்லும் தேதியும் போடுங்க. வெளியிட்ட பிறகு மாத்தாதீங்க, ஏற்கெனவே பகிர்ந்த லிங்க் குழம்பும்.

கூகுள் தேடல்ல சைட் மேல வர உதவற எஸ்இஓ பிளகின் ஒண்ணு போதும், யோஸ்ட்டோ ரேங்க் மேத்தோ. ரெண்டையும் சேர்த்துப் போட்டா தலைப்பு, விளக்கம், இதுதான் மூல முகவரின்னு கூகுளுக்குச் சொல்ற கனானிக்கல் குறிகள் எல்லாம் இரட்டிச்சுப் போகும். போட்டதும், பதிவுக்கு மதிப்பெண் மாதிரி அது காட்டற பச்சை விளக்குக்கு அடிமை ஆகாதீங்க. யோஸ்ட்டுக்குத் தமிழ் வேற்றுமை உருபு புரியாது. குறிச்சொல் 'ஏலக்காய் விலை'ன்னு குடுத்திருந்தா, 'ஏலக்காயின் விலை', 'ஏலக்காய்க்கு விலை'ன்னு நீங்க இயல்பா எழுதறதை அது கணக்குல சேர்க்காது. விளக்கு சிவப்பாவே இருக்குன்னு பிள்ளைங்க வாக்கியத்தை முறிச்சு முறிச்சு 'ஏலக்காய் விலை இன்று ஏலக்காய் விலை'ன்னு எழுதறாங்க. படிக்கவே மனசு வலிக்குது. தலைப்பும் விளக்கமும் எழுத மட்டும் அந்தப் பெட்டியைப் பயன்படுத்துங்க, மதிப்பெண்ணைப் பார்க்கவே வேண்டாம்.

காப்பி பண்ண விடாத பிளகின் இருக்கே, அதைப் போட்டவங்க யோசிக்கணும். விலையை அழுத்திப் பிடிச்சு காப்பி எடுத்து வீட்டுக்கு அனுப்பத்தான் வாசகர் வர்றார். திருடறவன் பக்கத்தோட மூலத்தையே எடுத்துடுவான். தடுக்கப்படறது வாசகர் மட்டும்தான்.

மலையாளத்துலயும் எழுதணும்னு ஆசைப்படறவங்க தானா மொழிபெயர்க்கிற பொத்தானைப் போட்டுடறாங்க. அந்த இலவசப் பொத்தான்ல வர்ற மொழிபெயர்ப்பு வாசகரோட பிரவுசர்லயே நடந்து முடிஞ்சுடும், கூகுள் தேடல்ல அந்த மலையாளப் பக்கம் வராது. பாலிலாங் இலவசப் பதிப்பு போட்டு, ஒவ்வொரு மொழிக்கும் தனிப் பதிவா நீங்களே எழுதுங்க. எழுத்துரு பிளகினும் வேண்டாம். ஆண்ட்ராய்டு போன்ல தமிழ், மலையாளம் ரெண்டு எழுத்துருவும் இருக்கு. நீங்க தனியா ஏத்தினா ரெண்டு மொழிக்கும், சாதா, தடித்ததுன்னு நாலு ஃபைல் இறங்கணும்.

பக்கத்தை ஒரு தடவை தயார் பண்ணி வச்சு அதையே எல்லாருக்கும் வேகமாக் குடுக்கிற கேச் பிளகின்தான் அதிகமாச் சொதப்பறது. லைட்ஸ்பீட் கேச் நல்ல பிளகின், ஆனா உங்க ஹோஸ்டிங் லைட்ஸ்பீட் சர்வரா இருந்தாத்தான், இல்லை அவங்களோட குயிக்.கிளவுட் சேவையில சேர்ந்தாத்தான், அதோட பக்க கேச் வேலை செய்யும். ஹோஸ்டிங்காரங்க சாட்ல கேளுங்க. இல்லைன்னு சொன்னா டபிள்யூபி சூப்பர் கேச் போதும். ரெண்டையும் ஒண்ணா ஓட்டக்கூடாது. வேர்ட்பிரஸ்ல கேச் பிளகினுக்குன்னு இருக்கிறது ஒரே ஒரு ஃபைல் இடம், ரெண்டும் அதுக்கே அடிச்சுக்கும். விலை போடுறவங்க இதைக் கவனிங்க: லைட்ஸ்பீட்ல பக்கத்தோட ஆயுள் இயல்பா 604800 விநாடி, அதாவது ஒரு வாரம். பதிவைத் திருத்தினா கேச் தானா அழியும். ஆனா கூகுள் ஷீட்ல விலையை மாத்தி ஷார்ட்கோட் (பதிவுக்குள்ள போடற சின்னக் குறி) வழியா பக்கத்துல காட்டினா பதிவு திருத்தப்படலை, பழைய விலையே நிக்கும். புற்றடியிலயும் போடியிலயும் இன்னைக்கு நடந்த ஏலத்துக்கு முந்தாநாள் சராசரியைக் காட்டினா, அதை நம்பிக் காயை வித்தவருக்கு நிஜமான நஷ்டம். அந்த ஒரு பக்கத்தை மட்டும் கேச் விலக்குப் பட்டியல்ல சேர்த்துடுங்க. நல்ல பிளகினுக்கும் ஓட்டை வரும்ங்கிறதுக்கும் இதுவே சாட்சி: 2024 ஆகஸ்ட்ல இதே லைட்ஸ்பீட் கேச்ல பெரிய ஓட்டை, 50 லட்சம் சைட்ல இருந்த பிளகின், 6.4ல சரி பண்ணினாங்க. ஆட்டோ அப்டேட்டை ஆன் பண்ணி வைங்க.

படத்துக்கு ஆப்டிமைசர் பிளகின் தேடறதுக்கு முன்னாடி, போன்ல எடுத்த 5 எம்பி படத்தை அப்படியே ஏத்தறதை நிறுத்துங்க. 1200 பிக்சல் அகலத்துக்குச் சுருக்கி ஏத்தினா பாதிப் பிரச்னை தீரும்.

ஸ்பாம் கமெண்டைத் தடுக்க ஆகிஸ்மெட் பிளகின் இலவசம்னு சொல்றாங்க. விளம்பரம் வச்ச சைட்டுக்கு அது இலவசம் கிடையாது. ஆன்டிஸ்பாம் பீ போட்டுக்கங்க. பேக்கப்புக்கு அப்டிராஃப்ட்பிளஸ்: டேட்டாபேஸ் தினமும், ஃபைல் வாரம் ஒரு தடவை. சேமிக்கிற இடமா கூகுள் டிரைவைத் தேர்ந்தெடுக்காம விட்டா பேக்கப் அதே சர்வர்லயே கிடக்கும், சர்வர் போனா அதுவும் போகும்.

மெயில் விஷயத்தை யாருமே கண்டுக்கறதில்லை. ஒரு பிளகின் சைட்டையே சாய்ச்சுட்டா, 2019ல வந்த 5.2ல இருந்து வேர்ட்பிரஸ் அட்மினுக்கு ஒரு மீட்பு லிங்க்கை மெயில்ல அனுப்பும். பல மலிவு ஹோஸ்டிங்ல அந்த மெயில் ஸ்பாமுக்குப் போகும், இல்லை வரவே வராது. ஜிமெயில் வழியா மெயில் அனுப்ப எஸ்எம்டிபி பிளகின் ஒண்ணு போட்டு, ஜிமெயில்ல ரெண்டு படி சரிபார்ப்பை ஆன் பண்ணி, 16 எழுத்து ஆப் பாஸ்வேர்டு எடுத்துக் குடுத்து, ஒரு டெஸ்ட் மெயில் அனுப்பிப் பாருங்க. அப்பவும் மெயில் வரலைன்னா சி-பேனல்ல போய் பிளகின்ஸ் ஃபோல்டரோட பேரை மாத்துங்க. டாஷ்போர்டுல பிளகின் பக்கத்தை ஒரு தடவை திறந்தா எல்லாமே அணைஞ்சிருக்கும். ஃபோல்டருக்குப் பழைய பேரையே வச்சு, ஒவ்வொண்ணா ஆக்டிவேட் பண்ணி சைட்டைத் திறந்து பாருங்க, எதுல விழுதோ அதுதான் ஆளு. இதுக்கு சி-பேனல் லாகின் வேணும். அது சைட் போட்டுக் குடுத்தவர்கிட்ட மட்டும் இருந்தா இன்னைக்கே கேட்டு வாங்கி, பாஸ்வேர்டை மாத்துங்க.