அந்த 'பிராசஸர் எண்ணிக்கை' டிக் பற்றி

மேலே ஒரு தம்பி, விண்டோஸின் அமைப்புகளை மாற்றுகிற எம்எஸ்கான்ஃபிக்கைத் (msconfig) திறந்து பூட் பகுதியில் அட்வான்ஸ்ட் ஆப்ஷன்ஸுக்குப் போய், பிராசஸர் எண்ணிக்கையை டிக் பண்ணிக் கூடின இலக்கத்தை வைத்தால் கம்பியூட்டர் வேகமாகும் என்று எழுதியிருக்கிறார்.

நல்ல மனதோடுதான் சொல்கிறீர்கள் தம்பி, ஆனால் விஷயம் அப்படியில்லை. டிக் இல்லாதபோது விண்டோஸ் இருக்கிற எல்லாக் கோர்களையும் (பிராசஸருக்குள் கணக்குப் போடுகிற பகுதிகள்) தானாகவே எடுத்துக்கொள்ளும். டிக் போட்டால் 'இதற்கு மேல் எடுக்காதே' என்று நாமே கட்டுப்போடுகிறோம், மென்பொருள் எழுதுகிறவர்கள் குறைந்த கோரில் சோதித்துப் பார்க்க உதவுகிற வசதி அது. அங்கே மங்கலாக 1 என்று தெரியும் பாருங்கள், அதுதான் எல்லோரையும் ஏமாற்றுவது.

என்னை நம்ப வேண்டாம், நீங்களே பாருங்கள். டிக் போடாமல் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி, திறக்கிற டாஸ்க் மானேஜரில் பெர்ஃபாமன்ஸுக்குப் போய் சிபியூவைத் தொட்டால் கீழே 'லாஜிக்கல் பிராசஸர்ஸ்' என்று ஓர் இலக்கம் இருக்கும். விண்டோஸ் எடுத்திருக்கிற எண்ணிக்கை அதுதான், குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் நீங்கள் சொன்ன மாதிரி ஆகக்கூடிய இலக்கத்தை வைத்து ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்கள், ஒன்றுகூடக் கூடியிருக்காது. 2 என்று வைத்தால் அங்கேயும் 2தான் காட்டும்.

ஹட்டனில் அக்கா மகளின் கம்பியூட்டர் ஆமை மாதிரி ஊர்கிறது என்று போன் வந்து போய்ப் பார்த்தேன், 4 இருக்க வேண்டிய இடத்தில் 1. யாரோ இதே யோசனையைக் கேட்டு டிக் போட்டுவிட்டு இலக்கத்தை மாற்ற மறந்திருக்கிறார்கள். டிக்கை எடுத்து ரீஸ்டார்ட் பண்ணினேன், பிளேன்டீ ஆறுவதற்குள் சரி.