என் கணினியில் யாருக்கு அதிகாரம்?

விலை கொடுத்து வாங்கிய மின்னூலில் நகலெடுப்பதைத் தடுக்கப் போட்ட மென்பொருள் பூட்டைத் தன் சொந்தக் கணினியில் திறப்பவர்மீது, இலங்கையின் 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டம் பாயலாமா? பாயக்கூடாது என்பதே என் உறுதியான நிலைப்பாடு. ஆனால் சட்டத்தின் வாசகம் அந்த அச்சத்துக்கு இடம் வைத்திருக்கிறது.

அதன் 3ஆம் பிரிவு, சட்டபூர்வ அதிகாரம் இல்லையென அறிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ, தனக்காகவோ பிறருக்காகவோ, ஒரு கணினியை மட்டுமன்றி அதிலுள்ள தகவலை அணுக முற்படுவதையும் குற்றமாக்குகிறது. திருகோணமலையின் உப்புக் காற்றில் மடிக்கணினிகள் பழுதாவது புதினமல்ல. என்.சி. வீதியில் கணினி திருத்துபவர் ஒரு மாணவியின் கோப்புகளைப் புதிய கணினிக்கு மாற்றிக் கொடுக்கிறார்; பழைய கருவியோடு பிணைக்கப்பட்ட பாடநூல் மட்டும் திறக்க மறுக்கிறது. அதைத் திறந்து கொடுத்தால், ‘பிறருக்காக’ என்ற சொல் அவரையும் குற்றவாளிக் கூண்டுக்கு இழுக்குமா? கணினியும் கோப்பும் மாணவியுடையவை, திறவுகோல் மட்டுமே பதிப்பாளரிடம் என்ற நிலையில், அதிகாரம் மாணவியிடமே இருக்கிறது என்பேன்.

நோர்வேயில் இது வழக்காகவே வந்தது. டிவிடி பூட்டைத் திறக்கும் டிசிஎஸ்எஸ் நிரலுக்காக, அதை உருவாக்கியவர்களில் ஒருவரான யோன் யோஹான்சன்மீது, தரவுகளுக்குள் அத்துமீறி நுழைவதைத் தண்டிக்கும் குற்றவியல் சட்டப் பிரிவின் கீழேயே குற்றஞ்சாட்டினார்கள். சட்டப்படி வாங்கிய வட்டில் உள்ளதைப் பார்க்க வாங்கியவருக்கு உரிமை உண்டென்று 2003 ஜனவரியில் ஒஸ்லோ நீதிமன்றம் அவரை விடுவித்தது. அதே ஆண்டு டிசம்பரில் மேன்முறையீட்டிலும் அத்தீர்ப்பு நிலைத்தது.

பூட்டுப் போட்டவரே எல்லை மீறினால் என்ன செய்வது என்பதுதான் என்னை அதிகம் வருத்தும் கேள்வி. 2005இல் சோனி பிஎம்ஜி என்ற இசை நிறுவனம் வெளியிட்ட பாட்டு இறுவட்டுகளை விண்டோஸ் கணினியில் போட்டவர்களுக்கு, நகலெடுப்பதைத் தடுக்கும் மென்பொருளொன்று தன்னை மறைத்துக்கொண்டு இயங்குதளத்தின் அடியாழத்தில் குடியேறியது. குறிப்பிட்ட எழுத்துகளில் பெயர் தொடங்கும் எந்தக் கோப்பையும் அது மறைத்ததால், தீநிரல் எழுதியவர்களும் அதே மறைவிடத்தைப் பயன்படுத்தினார்கள். அதை அகற்றவென நிறுவனம் கொடுத்த கருவியோ புதிய பாதுகாப்பு ஓட்டையைத் திறந்துவிட்டது. கணினி வல்லுநர் மார்க் ருசினோவிச் அந்த மறை மென்பொருளை அம்பலப்படுத்திய பின்னரே இறுவட்டுகள் மீளப் பெறப்பட்டன. இப்படியொன்று இங்கு நடந்தால், அதிகாரமின்றிக் கணினியில் மாற்றமோ சேதமோ விளைவிப்பதைத் தண்டிக்கும் நமது 5ஆம் பிரிவு அந்நிறுவனத்தின்மீது பாய வேண்டும். நிறுவும்போது அழுத்திய ‘சம்மதம்’ பொத்தான், சொல்லப்படாத செயலுக்குச் சம்மதமாகாது.

நகலெடுத்து விற்பவரை நான் காக்க வரவில்லை. அவரைத் தண்டிக்க 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் இருக்கிறது. நியாயமான பயன்பாட்டை அனுமதிப்பதும் அதே சட்டந்தான். அது அனுமதித்த ஒன்றைக் கணினிக் குற்றமென்று இன்னொரு சட்டம் பறிக்காதிருக்க, முறைப்படி பெற்ற பிரதியைத் தன் கருவியில் அணுகுபவருக்கும் அவருக்கு உதவுபவருக்கும் 3ஆம் பிரிவு பொருந்தாது என்று நாடாளுமன்றம் வெளிப்படையாகத் திருத்தி எழுத வேண்டும்.