ராமானுஜன் வீட்டுக்குள் எண்பது பேரா?
'எண்பது மாணவர்களை ஒரு பேருந்தில் அழைத்துச் சென்றால் கும்பகோணத்தில் கணிதமேதை ராமானுஜன் வாழ்ந்த இல்லத்தை அரை மணியில் பார்த்து முடிக்கலாம்' என்கிறது பள்ளிச் சுற்றுலா பற்றிய ஒரு கட்டுரை. பார்க்க முடியாது, கடந்து போகலாம். சாரங்கபாணி சன்னதித் தெருவில் உள்ளது சின்ன ஓட்டு வீடு: திண்ணை, கட்டில் கிடக்கும் அறை, அடுக்களை, பின்னால் கிணறு. இருபது பேர் நுழைந்தாலே பின்னால் நிற்பவருக்கு முன்னால் நிற்பவரின் முதுகுதான் தெரியும். பதினைந்து பேராகப் பிரியுங்கள். ஒரு குழு வீட்டில், ஒன்று திண்ணையில், மற்றவை சாரங்கபாணி கோவிலில். நண்பகல் வாக்கில் நடை சாத்திவிடுவார்கள், ஆகவே காலையிலேயே தொடங்க வேண்டும். பேருந்தைத் தெருவுக்குள் கொண்டுவர வேண்டாம், பெரிய சாலையில் இறக்கி நடத்திக் கூட்டிவாருங்கள். கிணற்றடியில் ஓர் ஆசிரியர் நின்றே ஆகவேண்டும். பிள்ளைகளுக்குக் கொடுக்கச் சொல்லி வேறொருவர் பரிந்துரைத்த கேள்வித்தாளில் எனக்கு உடன்பாடில்லை. 'எந்த ஆண்டு பிறந்தார்?' என்று கேட்டால் பிள்ளைகள் தகவல் பலகையைப் பார்த்து 1887 என்று எழுதிவிட்டு வீட்டைப் பார்க்காமலே திரும்புவார்கள். (பிறந்தது இங்கல்ல, ஈரோட்டில், அதையும் பலர் தவறாகச் சொல்லிக்கொடுக்கிறார்கள்.) 'இந்த அறைக்கு வெளிச்சம் எங்கிருந்து வருகிறது, கட்டிலிலிருந்து அடுக்களைக்கு எத்தனை எட்டு?' என்று கேளுங்கள். காகிதம் விலை அதிகம் என்று ராமானுஜன் பெரும்பாலும் சிலேட்டில்தான் கணக்குப் போட்டார். திண்ணைக் குழுவுக்கு ஆளுக்கொரு சிலேட்டும் பலப்பமும் கொடுத்து, 1729-ஐ இரண்டு கனங்களின் கூட்டலாக இரண்டு விதத்தில் எழுதச் சொல்லுங்கள். 12, 1 சீக்கிரம் கிடைத்துவிடும். 10, 9 கிடைக்கத்தான் நேரமாகும், விடையை அவசரப்பட்டுச் சொல்லிவிடாதீர்கள்.